குடலுக்கு நேரம் குறிப்பது: நீர்ப்பாய்ச்சல் முறை பற்றி ஓர் எளிய விளக்கம்

என் சித்தப்பா தென்னை மரத்திலிருந்து விழுந்து 12 வருடம் ஆகிறது. தொப்புளுக்குக் கீழே அவருக்கு உணர்வு கிடையாது. கை இரண்டும் நன்றாக வேலை செய்யும். சக்கர நாற்காலியில் இருந்தபடியே மளிகைக்கடையைப் பார்த்துக்கொள்கிறார். ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் கழிவறைக்குள் போனால் முக்கால் மணி நேரம் ஆகும். ஆசனவாய் வழியாக வெதுவெதுப்பான நீரை உள்ளே ஏற்றி, குடலின் கீழ்ப்பகுதியைக் காலி செய்துவிட்டு வருவார்.

ஊரிலிருந்து வந்த நண்பர் ஒருவர் இதைக் கேள்விப்பட்டு, "அடிக்கடி எனிமா எடுத்தா குடல் மரத்துப்போயிடும் அண்ணே, விட்டுருங்க" என்றார்.

"மரத்துப்போனதாலதானப்பா எடுக்கறேன்" என்றார் சித்தப்பா.

அந்த நண்பர் அக்கறையோடுதான் சொன்னார். ஆனால் அவர் சொன்ன எனிமாவும் சித்தப்பா செய்வதும் ஒன்றல்ல. இந்தக் குழப்பம் அவருக்கு மட்டும் இல்லை. படித்தவர்களிடமும், சில சமயம் மருத்துவமனை ஊழியர்களிடமும் இதைப் பார்த்திருக்கிறேன். அதனால் பலனடையக்கூடிய பலர் இந்தப் பக்கமே வருவதில்லை. தேவையே இல்லாத சிலர் இதைத் தாமாகவே செய்து பார்க்கிறார்கள். இரண்டுமே கெடுதல்தான்.

ஒரே சொல், மூன்று வேலை

நம் ஊரில் எனிமா என்ற ஒரே சொல் மூன்று வேறு விஷயங்களுக்குப் போகிறது.

முதலாவது, ஆபரேஷனுக்கோ பிரசவத்துக்கோ முன்னால், அல்லது பல நாள் மலம் போகாதபோது, ஆஸ்பத்திரியில் கொடுக்கும் எனிமா. அந்த ஒருமுறைத் தேவைக்குக் கொடுத்து முடிப்பது. இரண்டாவது, இயற்கை வைத்திய முகாம்களில் "உடம்புக் கழிவை வெளியேற்ற" என்று நல்ல உடம்புக்காரர்களுக்கும் கொடுப்பது. மூன்றாவது, குடலை இயக்கும் நரம்போ தசையோ கெட்டுப்போனவர்கள், மருத்துவர் பரிந்துரைத்து, செவிலியர் சொல்லிக் கொடுத்து, வாழ்நாள் பழக்கமாகச் செய்வது. மருத்துவர்கள் இதற்கு ட்ரான்ஸ்ஏனல் இரிகேஷன் என்று பெயர் சொல்வார்கள். ஆசனவாய் வழியாக நீர் பாய்ச்சுவது என்று பொருள். வயலுக்குப் பாய்ச்சுவதற்கும் இரிகேஷன் என்றுதான் சொல்கிறோம், அதே சொல்தான். இந்தக் கட்டுரையில் இதை "நீர்ப்பாய்ச்சல்" என்றே குறிப்பிடுகிறேன்.

நான் பேசப்போவது மூன்றாவதைப் பற்றி மட்டும். நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவருக்குக் குடலைக் கழுவ வேண்டிய அவசியமே இல்லை. குடலுக்குள் வருடக்கணக்காக அழுக்கு படிந்து கிடக்கிறது என்று சொல்லப்படுவதற்கு ஆதாரம் கிடையாது.

மதகும் காவல்காரரும்

நீர்ப்பாய்ச்சல் புரிய வேண்டும் என்றால், நல்ல குடல் எப்படி வேலை செய்கிறது என்பது முதலில் தெரிய வேண்டும்.

பெருங்குடல் சுமார் 5 அடி நீளக் குழாய். அடிவயிற்றின் வலப்பக்கம் தொடங்கி, மேலே ஏறி, வயிற்றின் குறுக்கே போய், இடப்பக்கமாக இறங்கி, கடைசியில் மலக்குடலில் முடிகிறது. சிறுகுடலிலிருந்து கஞ்சி பதத்தில் வரும் மிச்சத்திலிருந்து நீரை உறிஞ்சிக்கொண்டே, மெதுவாகத் தள்ளிக்கொண்டு போவதுதான் அதன் வேலை. தோசை மாவு ஒட்டிய பாத்திரத்தைக் கழுவாமல் போட்டுவிட்டால் என்ன ஆகும்? நேரம் ஆக ஆகக் காய்ந்து இறுகிவிடும். மலமும் அப்படித்தான். எவ்வளவு நேரம் உள்ளே தங்குகிறதோ அவ்வளவு நீரை இழந்து இறுகும்.

மலக்குடல் என்பது கடைசி 12 முதல் 15 சென்டிமீட்டர். பெரும்பாலான நேரம் அது காலியாகத்தான் இருக்கும். மேலிருந்து மலம் வந்து இறங்கும்போது அதன் சுவர் விரிகிறது. அந்த விரிவுதான் நமக்கு "வருகிறது" என்ற உணர்வைத் தருகிறது.

இப்போது ஒரு ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு மதகு. உள்மதகு தானாக இயங்கும். நீரின் அழுத்தம் கூடினால் தானே திறந்துகொள்ளும். வெளிமதகு காவல்காரர் கையில். ஆனால் காவல்காரர் ஏரிக்கரையில் இல்லை, தூரத்தில் ஊருக்குள் இருக்கிறார். ஏரி நிரம்பினால் அவருக்கு போன் வரும். "இப்போது வேண்டாம், பஸ்ஸில் இருக்கிறேன்" என்றோ, "சரி, திறந்துவிடு" என்றோ அவர் பதில் சொல்வார்.

இந்த மதகுகளைத்தான் சுருக்குத்தசை என்கிறோம். உள்சுருக்குத்தசை நம் கட்டுப்பாட்டில் இல்லை, வெளிச்சுருக்குத்தசை நம் கட்டுப்பாட்டில் இருக்கிறது. காவல்காரர் மூளை. போன் கம்பி, முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புக் கற்றையான தண்டுவடம்.

இன்னொரு சின்ன விஷயமும் உண்டு, பின்னால் உதவும். சாப்பிட்டதும் இரைப்பை விரிய, பெருங்குடல் "மேலே சரக்கு வந்துவிட்டது, இடம் பண்ணு" என்பது போல ஒருமுறை அழுத்தமாகத் தள்ளும். காலையில் காப்பி குடித்ததும் பலருக்குக் கழிவறை நினைவு வருவது இதனால்தான்.

ஆக, நல்ல குடலுக்கு மூன்று வேண்டும்: தள்ளும் சக்தி, நிரம்பியதைச் சொல்லும் செய்தி, பிடித்து வைக்கும் மதகு. மூன்றில் எது கெட்டாலும் வாழ்க்கை மாறிவிடும்.

கம்பி அறுந்தால்

மரத்திலிருந்து விழுவது, கிணற்றில் விழுவது, பைக் விபத்து. தண்டுவடம் அடிபடுவதற்கு நம் பக்கத்தில் அடிக்கடி கேட்கும் காரணங்கள் இவை. அடிபட்ட இடத்துக்குக் கீழே கால் மட்டும் போவதாகத்தான் வெளியே தெரியும். உள்ளே சிறுநீர்ப்பையும் குடலும் சேர்ந்து போகின்றன. அதை யாரும் வெளியே சொல்வதில்லை. சித்தப்பாவைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் "எப்போ நடப்பார்?" என்றுதான் கேட்டார்கள். அவர் ராத்திரியில் சித்தியிடம் கேட்டது, "இன்னிக்கு அஞ்சாவது நாள், இன்னும் போகலையே" என்பது.

கம்பி எங்கே அறுந்தது என்பதைப் பொறுத்துக் கோளாறு இரண்டு விதம்.

மலக்குடலுக்கான நரம்புகள் தண்டுவடத்தின் கடைசி நுனிப் பகுதியிலிருந்து வருகின்றன. அடி அதற்கு மேலே பட்டிருந்தால், ஏரிக்கரையில் இருக்கும் தானியங்கி ஏற்பாடு நன்றாகத்தான் இருக்கும். காவல்காரருக்குச் செய்தி மட்டும் போகாது. மதகு இறுக்கமாக மூடியிருக்கும். அழுத்தம் கூடும் ஏதோ ஒரு நேரத்தில், நடுக்கடையில், உறவினர் வீட்டில், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் திறந்துகொள்ளும். சித்தப்பாவுடையது இந்த வகை.

அடி நுனிப் பகுதியிலேயோ அதற்குக் கீழே பிரியும் நரம்புகளிலேயோ பட்டிருந்தால், தானியங்கி ஏற்பாடும் போய்விடும். மதகு தளர்ந்து தொங்கும். தள்ளும் சக்தியும் இருக்காது, பிடித்து வைக்கும் சக்தியும் இருக்காது. இருமினாலே, இடம் மாறி உட்கார்ந்தாலே கசியும்.

இப்படி நரம்புக் கோளாறால் குடல் கட்டுப்பாடு போவதற்கு நியூரோஜெனிக் பவல் என்று பெயர். தண்டுவடக் காயம் மட்டும் காரணம் இல்லை. முதுகெலும்பு முழுதாக மூடாமல் பிறக்கும் ஸ்பைனா பைஃபிடா குழந்தைகள், மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ், பார்க்கின்சன் போன்ற நரம்பு நோய்கள் உள்ளவர்கள் இவர்களுக்கும் வரும். நரம்பு நன்றாக இருந்தும் இதே அவதி வருவது உண்டு. ஆசனவாய் சரியாக உருவாகாமல் பிறந்து அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிள்ளைகள், மலக்குடல் புற்றுநோய்க்காக அந்தப் பகுதியை எடுத்துவிட்டவர்கள், பிரசவத்தில் சுருக்குத்தசை கிழிந்த பெண்கள் என்று அந்த வரிசை நீளம்.

பேதி மாதிரி தெரியும் மலச்சிக்கல்

இந்த ஒரு விஷயத்தில் வீட்டில் இருப்பவர்கள் மறுபடி மறுபடி ஏமாறுகிறார்கள். நாங்களும் ஏமாந்தோம்.

வீடு திரும்பிய மூன்றாவது மாதம் சித்தப்பாவுக்குத் தண்ணீராகக் கசிய ஆரம்பித்தது. ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை துணி மாற்ற வேண்டியிருந்தது. வயிற்றுப்போக்கு என்றே எல்லோரும் நினைத்தோம். பக்கத்தில் மருந்துக்கடையில் பேதியை நிறுத்தும் மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். கசிவு நிற்கவில்லை, வயிறு கல்லாகிவிட்டது. பிறகு மருத்துவர் கையுறை போட்டு விரலால் பரிசோதித்ததும்தான் தெரிந்தது, உள்ளே களிமண் உருண்டை போல மலம் இறுகி அடைத்திருந்தது.

வாய்க்காலில் குப்பை அடைத்துக்கொண்டால் தண்ணீர் முழுதாக நின்றுவிடுவதில்லை. குப்பையின் இரண்டு ஓரத்திலும் கசிந்து வெளியே வரும். குடலிலும் அதேதான். மேலே இருக்கும் நீர்த்த மலம் அடைப்பின் ஓரமாக வழிகிறது. பார்ப்பதற்குப் பேதி, உண்மையில் கடும் மலச்சிக்கல். அதற்குப் பேதியை நிறுத்தும் மாத்திரை கொடுப்பது வாய்க்காலில் இன்னும் ஒரு கூடை குப்பையைப் போடுவது மாதிரி.

படுக்கையில் இருப்பவர்களுக்கும் மிகவும் வயதானவர்களுக்கும் திடீரென்று "பேதி" ஆரம்பித்தால், அதற்கு முன்னால் எத்தனை நாள் ஒழுங்காக மலம் போகவில்லை என்பதை யோசித்துப் பாருங்கள். அதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: குடல் கோளாறில் மலச்சிக்கலும் கசிவும் எதிரெதிர் நோய்கள் இல்லை. உள்ளே சரியாகக் காலியாகாததால்தான் பெரும்பாலும் வெளியே கசிகிறது. எனவே இரண்டுக்கும் வைத்தியம் ஒரே இடத்தில் தொடங்குகிறது. முழுதாகக் காலி செய்ய வேண்டும், அதையும் நாம் குறித்த நேரத்தில் செய்ய வேண்டும்.

நீர் உள்ளே போய் என்ன செய்கிறது?

காய்ந்த தோசை மாவுப் பாத்திரத்தை என்ன செய்வோம்? தண்ணீர் ஊற்றிக் கொஞ்ச நேரம் ஊற வைப்போம். நீர்ப்பாய்ச்சலில் முதல் வேலை அதுதான், இறுகியதை இளக்குவது.

அதைவிட முக்கியமானது இரண்டாவது வேலை. நீர் உள்ளே நிரம்பும்போது குடல் சுவர் விரிகிறது. விரிந்தால் சுருங்கித் தள்ளுவது குடலின் இயல்பு. மூளையோடு தொடர்பு அறுந்திருந்தாலும் குடல் சுவருக்குள்ளேயே தனி நரம்பு வலை இருக்கிறது. அது வேலை செய்துகொண்டுதான் இருக்கும். ஆகவே நீர் வெறுமனே கழுவி வருவதில்லை, குடலைத் தட்டி எழுப்பவும் செய்கிறது.

மூன்றாவது வேலைதான் இந்த முறையின் உயிர். சாதாரணமாக முக்கிப் போனாலோ, சின்ன எனிமா எடுத்தாலோ மலக்குடலும் அதை ஒட்டிய பகுதியும்தான் காலியாகும். நீர்ப்பாய்ச்சல் நன்றாக அமைந்தால் இடப்பக்கம் இறங்கும் பெருங்குடல் வரைக்கும் காலியாகிறது. இப்படிக் காலியான பிறகு, மேலிருந்து புது மலம் மலக்குடல் வரை வந்து சேர ஒன்று, இரண்டு நாள் ஆகும். கடைசி பஸ் போய்விட்டது, அடுத்த பஸ் நாளை மறுநாள்தான். பஸ் ஸ்டாண்டில் ஆள் இல்லை என்றால் கேட் திறந்திருந்தால் என்ன, மூடியிருந்தால் என்ன? மதகு கெட்டுப்போனவருக்கும் அந்த இடைவெளியில் கசிவு இல்லை. கசிவதற்கு அங்கே எதுவும் இல்லை.

இதைத்தான் நான் "குடலுக்கு நேரம் குறிப்பது" என்கிறேன். இந்த முறை அறுந்த கம்பியை ஒட்டுவதில்லை, நோயைக் குணமாக்குவதும் இல்லை. குடல் தன்னிஷ்டத்துக்குத் திறக்கும் முன்னால், நம் இஷ்டத்துக்கு நாமே திறந்துவிடுகிறோம்.

கருவியும் காலை வேளையும்

கருவி பார்க்க எளிமையானது. ஒரு நீர்ப்பை, ஒரு கையடக்கப் பம்ப், குழாய், முனையில் கதீட்டர். கதீட்டர் என்பது உடலுக்குள் போகும் மெல்லிய, வழவழப்பான குழாய். பல கருவிகளில் கதீட்டரின் முனைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன பலூன் இருக்கும். உள்ளே வைத்த பிறகு அதை ஊதினால் அது மலக்குடலில் அமர்ந்து அடைத்துக்கொள்ளும். ஏற்றும் நீர் உடனே வெளியே வந்துவிடாமல் இருக்கவும், கையால் பிடித்துக்கொண்டே இருக்காமல் இருக்கவும்தான் அது. பலூன் ஒத்துவராதவர்களுக்குக் கூம்பு வடிவ முனை உண்டு. டென்மார்க்கின் கோலோபிளாஸ்ட் நிறுவனத்தின் பெரிஸ்டீன், ஸ்வீடனின் வெல்ஸ்பெக்ட் நிறுவனத்தின் நவினா ஆகியவை பலரும் அறிந்த பெயர்கள்.

பலூன் வைத்த கதீட்டர் யோசனை அவற்றுக்கும் முந்தியது. கனடாவின் டொராண்டோவில் ஷாண்ட்லிங், கில்மோர் என்ற இருவர் ஸ்பைனா பைஃபிடா குழந்தைகளிடம் இதைப் பயன்படுத்தி 1987ல் கட்டுரை வெளியிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் துணியோடு போய்விடுமோ என்று பயந்த பிள்ளைகளுக்காகத் தொடங்கிய வேலை இது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் நெகிழ்ச்சியாக இருக்கிறது.

சித்தப்பாவின் காலை எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். இதைப் பார்த்து யாரும் தானாகச் செய்யக் கூடாது. இது எப்படி இருக்கும் என்று தெரிவதற்காக மட்டும்.

இட்லி சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்து உள்ளே போவார். சாப்பிட்டதும் குடல் ஒருமுறை தள்ளும் என்று சொன்னேன் அல்லவா, அந்தச் சமயத்தைப் பிடிக்கத்தான். நடுவில் துளையுள்ள கமோட் நாற்காலிக்கு மாறி உட்காருவார். அதன் இருக்கையில் மெத்தை உண்டு. உணர்வில்லாத தோல் கெட்டியான பலகையில் முக்கால் மணி நேரம் அழுந்தினால் புண்ணாகிவிடும்.

அப்புறம் நீர். சித்தி முதலில் குழந்தைக்குக் குளிக்க ஊற்றுவது போல மணிக்கட்டில் ஊற்றிப் பார்த்துத்தான் கொடுத்தார். பயிற்சி கொடுத்த செவிலியர் அதைத் தடுத்துவிட்டார். "உங்க கைக்கு இதமா இருக்கறது முக்கியமில்லம்மா. அவருக்கு உள்ள சுட்டாலும் தெரியாது. தெர்மாமீட்டர் வச்சுப் பாருங்க" என்றார். அன்றிலிருந்து பையில் ஒரு தெர்மாமீட்டர் இருக்கிறது. உடம்புச் சூடுதான் அளவு, 36 முதல் 38 டிகிரி செல்சியஸ். குளிர்ந்த நீர் ஏற்றினால் குடல் பிடித்துக்கொண்டு வலிக்கும், சூடாக இருந்தால் உள்ளே வெந்துபோகும். நீர் குடிக்கத் தகுந்ததாக இருக்க வேண்டும். போர்வெல் தண்ணீரைக் காய்ச்சி ஆற வைத்துத்தான் எங்கள் வீட்டில் ஊற்றுகிறோம். சோப்பு, எலுமிச்சைச் சாறு, காப்பி என்று எதையும் அதில் கலக்கக் கூடாது.

கதீட்டரை வைத்து, பலூனை ஊதி, நீரை மெதுவாக ஏற்றுவார். பெரியவர்களுக்கு வழக்கமாக அரை லிட்டரிலிருந்து 1 லிட்டர் வரை தேவைப்படும். அவரவர் அளவைக் குறைவாகத் தொடங்கித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நிமிடத்துக்கு 200, 300 மில்லி வேகம் போதும். அவசரப்பட்டால் வயிறு முறுக்கும், வியர்க்கும். குழந்தைகளுக்கான அளவு எடையைப் பார்த்து மருத்துவர் சொல்வது. வெறும் நீரா, உப்புக் கரைசலா என்பதும் அவர் சொல்வதுதான்.

நீர் ஏறியதும் பலூனின் காற்றை இறக்கிக் கதீட்டரை எடுத்துவிடுவார். கொஞ்ச நேரத்தில் நீரும் மலமும் இறங்க ஆரம்பிக்கும். நடுவில் அடிவயிற்றைத் தடவிக் கொடுப்பார், முன்னால் குனிந்து நிமிர்வார். கடைசியில் வெறும் தெளிந்த நீராக வந்து நிற்கும். ரேடியோவில் இரண்டு செய்தி முடிந்திருக்கும்.

முதல் மாதம் இப்படி ஒழுங்காக இல்லை. பலூன் நழுவி வெளியே வந்துவிடும். ஏற்றிய நீர் வராமல் தங்கிவிட்டு, மதியம் கடையில் வந்து மானத்தை வாங்கும். இரண்டு முறை கருவியைத் தூக்கிப் போடச் சொன்னார். செவிலியர் போனிலேயே அளவையும் வேகத்தையும் மாற்றி மாற்றிச் சொல்லிச் சரிப்படுத்தினார். ஒருவருக்குப் பொருத்தமான அளவு பிடிபட 4 முதல் 12 வாரம் ஆவது வழக்கம்தான். இந்தக் காலத்தில்தான் நிறையப் பேர் கைவிட்டுவிடுகிறார்கள்.

எப்போது இந்த முறைக்கு வருவது?

இது முதல் படி இல்லை. தண்ணீர், சாப்பாடு, ஒரே நேரத்தில் கழிவறைக்குப் போகும் பழக்கம், மலத்தை இளக்கும் மருந்து, ஆசனவாயில் வைக்கும் மாத்திரை, விரலால் தூண்டுவது அல்லது எடுப்பது இவையெல்லாம் முதலில். நார்ச்சத்து பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. குடல் மந்தமாக நகர்பவருக்குக் கீரையும் தவிடும் அளவில்லாமல் கொடுத்தால் சரக்குதான் கூடும், வண்டி அதே வேகத்தில்தான் போகும். அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இவற்றால் சரிவராதபோது நீர்ப்பாய்ச்சல். அதுவும் போதாதென்றால் அறுவை சிகிச்சை வழிகள் இருக்கின்றன. உதாரணமாக, குடல்வாலை வயிற்றுத் தோலில் ஒரு சிறு துளையாகத் திறந்து மேலிருந்து நீர் ஏற்றுவது, அல்லது குடலையே வயிற்றுத் தோல் வழியாகத் திறந்து, மலம் சேர வெளியே ஒரு பை ஒட்டுவது.

பலன் எவ்வளவு, ஆபத்து எவ்வளவு?

தண்டுவடக் காயம் பட்ட 87 பேரை வைத்து ஐரோப்பாவின் 5 மையங்களில் நடந்த ஆய்வு 2006ல் வெளியானது. ஒரு பகுதியினர் 10 வாரம் நீர்ப்பாய்ச்சல் செய்தார்கள், மற்றவர்கள் வழக்கமான முறைகளைத் தொடர்ந்தார்கள். நீர்ப்பாய்ச்சல் செய்தவர்களுக்கு மலச்சிக்கலும் குறைந்தது, கசிவும் குறைந்தது.

ஆனால் எல்லோருக்கும் பலிக்காது. பல்வேறு காரணங்களால் குடல் கோளாறு வந்த 348 பேரைச் சராசரியாக 21 மாதம் தொடர்ந்து பார்த்த டென்மார்க் ஆய்வு 2009ல் வந்தது. 47 சதவீதம் பேருக்குத்தான் வெற்றி. பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொள்ளலாம். மற்ற எல்லாம் செய்து பார்த்துத் தோற்றவர்கள் இவர்கள் என்பதை நினைத்தால், என் கணக்கில் இது சின்ன எண் இல்லை.

ஆபத்துகளில் பெரியது குடலில் ஓட்டை விழுவது. 2005 முதல் 2013 வரை உலக அளவில் பதிவானவற்றைக் கணக்கெடுத்தபோது, பத்து லட்சம் முறைக்குச் சராசரியாக 6 என்று வந்தது. மிக அரிது. ஆனால் நேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. அவற்றில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு முதல் 8 வாரத்துக்குள் நடந்தவை. தனியாகக் கற்றுக்கொள்ளாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இந்த ஒரு வரிதான். நீர் ஏற்றும்போதோ பிறகோ கடுமையான, விடாத வயிற்று வலி, காய்ச்சல், நிற்காத ரத்தம் எது வந்தாலும் நிறுத்திவிட்டு உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். கதீட்டரில் லேசாக ரத்தச் சுவடு ஒட்டுவது சிலருக்கு உண்டு. அதையும் அடுத்த முறை செய்வதற்கு முன் சொல்லிவிடுங்கள்.

ஆசனவாயோ பெருங்குடலோ சுருங்கி அடைத்திருப்பவர்கள், பெருங்குடல் புற்றுநோய் உள்ளவர்கள், குடல் அழற்சி நோய் தீவிரமாக இருப்பவர்கள், அந்தப் பகுதியில் அறுவை சிகிச்சை செய்து 3 மாதம் ஆகாதவர்கள் இதைச் செய்யக் கூடாது. கர்ப்பமாக இருக்கும்போது புதிதாகத் தொடங்கக் கூடாது. இடுப்புப் பகுதியில் முன்பு அறுவை சிகிச்சையோ கதிர்வீச்சோ எடுத்திருந்தால் அதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

தண்டுவடத்தில் அடி மேலே பட்டவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். நெஞ்செலும்பின் அடிநுனி மட்டத்திலோ அதற்கு மேலோ உணர்வு போயிருந்தால், குடல் விரியும்போது ரத்த அழுத்தம் திடீரென்று எகிறலாம். தலை பிளக்கும் வலி, முகம் சிவந்து வியர்ப்பது, மயிர்க்கூச்செறிவது இவைதான் அடையாளம். அட்டானமிக் டிஸ்ரிஃப்ளெக்ஸியா என்று பெயர். உடனே நீரை நிறுத்தி, பலூனை இறக்கி, ஆளை நிமிர்த்தி உட்கார வைத்து, உதவி கூப்பிட வேண்டும். வீட்டில் பார்த்துக்கொள்ளும் ஒவ்வொருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

"பழகிடுமே?"

இந்தக் கேள்வி வராத நாளே இல்லை. நன்றாக வேலை செய்யும் குடலைக் காரணமில்லாமல் தினமும் கழுவினால் அது தன் பழக்கத்தை மறக்கலாம் என்ற கவலையில் நியாயம் உண்டு. இங்கே குடல் ஏற்கனவே அந்தப் பழக்கத்தை இழந்துவிட்டது. கண் மங்கியவர் கண்ணாடி போடும்போது "பழகிடுமே" என்று நாம் தடுப்பதில்லை. இதுவும் அந்த மாதிரித் துணைதான்.

எங்கே கேட்பது?

மறுவாழ்வு மருத்துவப் பிரிவு இருக்கும் பெரிய மருத்துவமனைகளில் கேட்கலாம். வேலூர் சி.எம்.சி.யில் அந்தப் பிரிவுக்கான மையத்தை 1966ல் தொடங்கிய டாக்டர் மேரி வர்கீஸ், தானே விபத்தில் தண்டுவடம் அடிபட்டுச் சக்கர நாற்காலியில் இருந்து அறுவை சிகிச்சை செய்தவர். தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்குடியில் 1981 முதல் மாற்றுத்திறனாளிகளுக்காக இயங்கும் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கியவரும் கழுத்துத் தண்டுவடம் அடிபட்டவர்தான். இந்த வலி தெரிந்தவர்கள் கட்டிய இடங்கள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. குழந்தைகளுக்குக் குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவில் கேட்க வேண்டும்.

செலவைப் பற்றியும் மறைக்காமல் சொல்கிறேன். கருவி ஒருமுறைச் செலவு இல்லை. கதீட்டர் ஒருமுறைக்கு மட்டும் பயன்படுத்த வேண்டியது, திரும்பத் திரும்ப வாங்க வேண்டும். விலை கட்டுப்படியாகாமல் பலர் அதையே கழுவி மறுபடி வைக்கிறார்கள். வழவழப்பான பூச்சு போன கதீட்டர் உள்ளே கீறும். முடியவில்லை என்றால் வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். விலை குறைந்த வேறு ஏற்பாடு உங்களுக்குப் பொருந்துமா என்று அவர் பார்த்துச் சொல்வார்.

மருத்துவரைப் பார்க்கப் போகும் முன் இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு, மலம் உருண்டையாகவா கூழாகவா, கசிவு உண்டா, என்ன மருந்து, கழிவறையில் எவ்வளவு நேரம். வாயால் சொல்லக் கூசுவதை நோட்டு சொல்லிவிடும்.

சித்தப்பா அந்த நோட்டை இன்னும் விடவில்லை. அடுத்த மாதம் சித்தியின் அண்ணன் மகள் கல்யாணம், சேலத்தில், ஞாயிற்றுக்கிழமை. முன்பெல்லாம் இப்படி ஒரு கல்யாணம் என்றால் வெள்ளிக்கிழமையிலிருந்தே சாப்பாட்டை நிறுத்திவிடுவார், அப்படியும் பாதியில் கிளம்பி வந்துவிடுவார். போன வாரம் நோட்டில் அவர் எழுதியிருந்ததைப் பார்த்தேன்: "சனி காலை 8 மணி. ஞாயிறு ஃப்ரீ. பந்தியில் உட்காரணும்."